வரவேற்பறையில் ஒரு நாற்காலி



பக்தியுள்ளவர் என்று சபை முழுவதும் பெயர் பெற்ற ஒருவர், தம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணிடம் பேசும் விதத்தைக் கேட்டு, "இவர் மெய்யாகவே விசுவாசிதானா?" என்று நீங்கள் மனதுக்குள் கேட்டிருக்கலாம். அதற்குச் சுலபமான விடை ஒன்று உண்டு. தயவில்லாதவன் கிறிஸ்தவனே அல்ல, அவன் பெயர்க் கிறிஸ்தவன் என்று சொல்லிவிடலாம். அந்த விடை நமக்குப் பிடித்தமானது. ஏனெனில் அது எப்பொழுதும் அடுத்தவரைப் பற்றியதாகவே இருக்கும். ஆனால் சபைச் சரித்திரம் அந்த விடையோடு நம்மை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. இந்த வாரம் அந்தச் சரித்திரத்தில் சில பக்கங்களை உங்களோடு புரட்டிப் பார்க்க விரும்புகிறேன். அவற்றில் ஒன்று நாம் தினமும் ரயிலேறும் தாம்பரத்திலேயே நடந்தது.

1910ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. ஏறத்தாழ 1200 பேராளர்கள் வந்திருந்தார்கள். ஆசியாவிலிருந்து வந்தவர்களோ இருபது பேர்கூட இல்லை. அந்தச் சிலருள் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவர் நமது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், அது பட்டணத்துக்குள் இருந்த காலத்தில், படித்தவர், ஒய்.எம்.சி.ஏ. ஊழியராக ஊர் ஊராக அலைந்தவர். 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் உருவாகக் காரணராயிருந்தவர். தோர்ணக்கல் என்ற தெலுங்குப் பகுதிக்கு மிஷனெரியாகப் போய் அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. வயது 35. ஜூன் 20ஆம் தேதி மாலைக் கூட்டத்தில், வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் உள்ள உறவைக் குறித்துப் பேசும்படி அவரை அழைத்திருந்தார்கள்.

நன்றி கூறிவிட்டு அமர்ந்திருந்தால் எல்லாரும் மகிழ்ந்திருப்பார்கள். அவரோ உள்ளதைச் சொன்னார். ஒரே வயலில் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்தும், இந்திய ஊழியரின் வீட்டு வாசலை மிதிக்காத மிஷனெரிகள் உண்டு. அவர்களைத் தம் மேசையில் உட்காரவைத்து ஒருவேளை உணவு பரிமாறாதவர்கள் உண்டு. எஜமான் வேலைக்காரனை நடத்துவதுபோலவே உறவு இருக்கிறது என்றார். பரலோகத்தில் எங்களுக்குச் சிங்காசனம் உண்டு என்று வாக்களிக்கிறீர்கள், உங்கள் வரவேற்பறையில் ஒரு நாற்காலி தருவதில்லை என்ற பொருளில் அவர் சொன்ன வார்த்தை இன்றும் நினைவுகூரப்படுகிறது. கடைசியில், 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தின் சாயலிலேயே பேசினார். நீங்கள் ஏழைகளைப் போஷிக்கப் பொருள் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களையும் கொடுத்தீர்கள். அன்பையும் தாருங்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். மண்டபத்தில் பலருக்கு அது கசந்தது.

பிரியமானவர்களே, அவர் யாரை நோக்கி அதைச் சொன்னார் என்று கவனியுங்கள். பெயர்க் கிறிஸ்தவர்களை நோக்கி அல்ல. பெற்றோரையும் தேசத்தையும் விட்டுக் கப்பலேறி, காலராவிலும் காய்ச்சலிலும் தங்கள் குழந்தைகளை இந்த மண்ணில் அடக்கம் செய்துவிட்டு, மறுநாள் மீண்டும் கிராமத்துக்குப் புறப்பட்டவர்களை நோக்கிச் சொன்னார். அவர்களுடைய கல்லறைகள் தமிழ்நாடெங்கும் உள்ளன. அவர்களுடைய விசுவாசம் போலி என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. அசரியாவும் அப்படிச் சொல்லவில்லை. அவர்களுடைய தியாகத்தை வாயார ஒப்புக்கொண்ட பிறகே குறையைச் சொன்னார். உயிரைக் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு நாற்காலியைக் கொடுக்கத் தெரியவில்லை. இது எப்படிச் சாத்தியம்?

வேதம் இதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. அந்தியோகியாவில் பேதுரு என்ன செய்தார்? புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் பவுல் அதை ஒளிக்காமல் எழுதுகிறார். பேதுரு அவிசுவாசி என்று பவுல் சொல்லவில்லை. அதற்காக, இது வெறும் மரியாதைக் குறைவு, போகட்டும் என்றும் விட்டுவிடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி அவர் நேராய் நடக்கவில்லை என்று எல்லார் முன்பாகவும் முகத்துக்கு நேரே எதிர்த்தார். ஒரு பந்தியிலிருந்து எழுந்துபோனது சுவிசேஷத்தையே தொடும் காரியம் என்பது பவுலின் தீர்ப்பு. யாக்கோபு இன்னும் ஒரு படி மேலே போய் ஆசனத்தைப் பற்றியே எழுதுகிறார். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும், கந்தை உடுத்தவனுக்கு நிற்க இடமும் காட்டுகிற சபையைப் பார்த்து, பட்சபாதத்தோடு கர்த்தரைப் பற்றும் விசுவாசத்தை வைத்துக்கொள்ளாதிருங்கள் என்ற கருத்தில் எச்சரிக்கிறார். விசுவாசம் இருந்தால்தானே பட்சபாதத்தோடு கலக்க முடியும்? இரண்டும் ஒரே இருதயத்தில் இருக்கக்கூடும் என்று யாக்கோபுக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும் என்றும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் சில வசனங்களுக்குப் பின் கிரியையில்லாத விசுவாசத்தைச் செத்தது என்கிறார்.

இங்கே ஒரு சிறு செய்தி. ஆவியின் கனியில் "தயவு" என்று நம் தமிழ் வேதாகமம் மொழிபெயர்க்கும் சொல், கிரேக்கத்தில் "கிரேஸ்டோஸ்" என்ற வேரிலிருந்து வருவது. என் நுகம் மெதுவானது என்று இயேசு சொன்ன இடத்திலும் இதே சொல்தான். கழுத்தைப் புண்ணாக்காத நுகம். கிறிஸ்து என்ற பெயருக்கும் இந்தச் சொல்லுக்கும் ஓசையில் மிகச் சிறிய வித்தியாசமே இருந்ததால், ரோமர்களில் பலர் நம் முன்னோரின் பெயரைத் தவறாக, "தயவுள்ளவரைச் சேர்ந்தவர்கள்" என்று பொருள்படும்படி உச்சரித்தார்கள். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் தெர்த்துல்லியன் இதைச் சுட்டிக்காட்டி, நீங்கள் தவறாகச் சொன்னாலும் அது இனிமையையும் தயவையும் குறிக்கும் பெயர்தானே என்று வாதாடினார். இன்று யாரும் நம்மை அப்படித் தவறாக அழைப்பதாகத் தெரியவில்லை.

எடின்பரோவுக்கு 28 ஆண்டுகளுக்குப் பிறகு, 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, சர்வதேச மிஷனெரி சங்கத்தின் உலக மாநாடு தாம்பரத்தில் கூடிற்று. கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டு இங்கே குடிவந்தது 1937இல். அந்தப் புதுக் கட்டடங்களில், மரங்களுக்கிடையே, ஏறக்குறைய 470 பேர் 70 நாடுகளைப்போல இருந்து வந்து தங்கினார்கள். அவர்களில் பாதிப் பேர் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கச் சபைகளிலிருந்து வந்தவர்கள். எடின்பரோவில் விருந்தினராயிருந்த அசரியா, இப்போது தோர்ணக்கல் பேராயராகவும் இந்திய தேசிய கிறிஸ்தவ கவுன்சிலின் தலைவராகவும் உலகத்தை வரவேற்கும் வீட்டுக்காரராய் நின்றார். நாற்காலி கேட்டவர் நாற்காலி போட்டார்.

இறையியல் கல்லூரியில் எங்களுக்குத் தாம்பரம் என்றால் ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய நூலும் அதன்மேல் எழுந்த வாதங்களும்தான். தேர்வுக்கு அவை போதும். ஆனால் அந்த மாநாட்டில் என் மனதைத் தொடுவது வேறொன்று. முதலில் அது சீனாவின் ஹாங்சோ நகரில் கூடுவதாயிருந்தது. 1937இல் ஜப்பானியப் படைகள் சீனாவுக்குள் புகுந்ததால்தான் இடம் இந்தியாவுக்கு மாறிற்று. ஆகவே தாம்பரத்துக்குச் சீனர் வந்தார்கள், ஜப்பானியரும் வந்தார்கள். நான்கிங் நகரம் நாசமாகி ஓராண்டு. அந்நகரின் ஜின்லிங் மகளிர் கல்லூரித் தலைவி வூ யி-ஃபாங் அம்மையார் இந்த வளாகத்தில் இருந்தார். ஜப்பானிலிருந்து கோபே நகரச் சேரியில் ஏழைகளோடு வாழ்ந்த தொயோஹிகோ ககாவா வந்திருந்தார். குண்டு போட்ட தேசத்தாரும் குண்டு விழுந்த தேசத்தாரும் ஒரே கூரையின் கீழ் இரண்டரை வாரம் உண்டு, ஜெபித்து, கிறிஸ்து பிறப்புப் பண்டிகையையும் ஒன்றாகக் கழித்தார்கள். அதனால் போர் நின்றுவிடவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ககாவா தம் சொந்த அரசாங்கத்தாலேயே கைது செய்யப்பட்டார். இருந்தாலும் சேலையூரையும் தாம்பரத்தையும் கடந்து போகும்போது, இந்த மண்ணில் அப்படி ஒரு பந்தி நடந்தது என்று நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இதுவரை படித்தது நமக்கு இனிக்கிறது. வெள்ளைக்காரரை நம்மவர் ஒருவர் தட்டிக் கேட்டார். நம் ஊரில் உலகம் கூடிற்று. இனி வருவது அவ்வளவு இனிக்காது.

அசரியா எடின்பரோவில் நாற்காலி கேட்ட அதே 1910இல்தான், திருநெல்வேலிப் பகுதியில் வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிகளைப் பிரித்துவைத்த தடுப்பு இடிக்கப்பட்டது. வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று 1872இல் இரண்டு கால்களைப்போலக் கட்டப்பட்ட ஆலயம் அது. தடுப்பை எடுத்ததற்காகச் சபையாரில் ஒரு சாரார் நீதிமன்றம் ஏறினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அது கத்தோலிக்கர் கதை என்று நாம் நழுவ முடியாது. நம் புராட்டஸ்டண்ட் சபைகளில் சுவருக்குப் பதிலாகப் பாய் இருந்தது. 1718இல் தரங்கம்பாடியில் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் உயர்சாதி எனப்பட்டோர் பாயிலும் மற்றவர்கள் வெறுந்தரையிலும் அமர்ந்தார்கள். யாக்கோபின் இரண்டாம் அதிகாரத்தை அங்கேயே தமிழில் அச்சிட்டார்கள், பாயைச் சுருட்டவில்லை.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1774இல் பிறந்தவர், சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். அவருடைய பாடல்கள் இல்லாமல் நம் ஆராதனை நடப்பதில்லை. கண்ணீரில்லாமல் என்னால் பாட முடியாதவை அவற்றில் உண்டு. அதே சாஸ்திரியார் 1829இல், சபையிலே சாதி வேற்றுமையைத் திருத்துவது பைத்தியக்காரத்தனம் என்று எழுதினார். புதிதாக வந்த மிஷனெரிகள் தஞ்சைச் சபைக்குச் செய்வதாக அவர் நான்கு கொடுமைகளைப் பட்டியலிட்டார். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், சாதிகளைப் பலவந்தமாக ஒன்றாக்குகிறார்கள், பூவையும் பண்டிகைக் கொண்டாட்டத்தையும் விலக்குகிறார்கள், தமிழ்ப் பாடலை ஆராதனையிலிருந்து நீக்குகிறார்கள் என்பவை அவை. அவர் வேலையை இழந்தார்.

எனக்கு இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. மொழிபெயர்ப்புச் சண்டையில் நான் எந்தப் பக்கமும் சாய மாட்டேன். பூவிலும் பாட்டிலும் சாஸ்திரியார் பக்கமே நியாயம் இருந்தது. ஒரு ஜனத்தின் சங்கீதத்தைப் பிடுங்குவது கொடுமையேதான். சாதியில் அவர் தவறினார், மிகவும் தவறினார். தமக்குச் செய்யப்பட்ட கொடுமை அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நூறு ஆண்டுகளாகச் செய்யப்பட்டது கொடுமை என்று மட்டும் தெரியவில்லை. மறுபக்கத்தில், சரியான காரியத்தைக் கையில் எடுத்தவர்கள் அதைக் கையாண்ட விதத்திலும் தயவு குறைந்திருந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமை சபையைவிட்டு உடனே முற்றிலும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் ஆலயத்தைவிட்டு வெளியேறினார்கள். கட்டளை நியாயமானது. ஆயினும் ஒரு நூற்றாண்டு சகித்துக்கொண்டிருந்ததை ஒரு கடிதத்தால் முடித்துவிடலாம் என்று எண்ணினார்கள்.

நம் தென்புறநகர் சபைகளில் பாயும் இல்லை, சுவரும் இல்லை. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் என்று நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் ஒரே நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக அமர்கிறோம். ஆராதனை முடிந்து வாசலில் புதியவர் ஒருவரைக் கண்டால் கைகொடுக்கிறோம். "சொந்த ஊர் எது?" என்று கேட்கிறோம். ஊர் போதாவிட்டால், "அங்கே எந்தத் தெரு? அப்பா பேர் என்ன?" ஏன் கேட்கிறோம் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். மணமகன் தேவை விளம்பரத்தில் கிறிஸ்தவர் என்ற சொல்லுக்கு அருகிலேயே இன்னொரு சொல் அச்சாகிறது. அடுக்ககத்தில் வேலை செய்ய வரும் அம்மாவுக்குச் சன்னல் ஓரத்தில் தனி டம்ளர். அந்த வீட்டில் காலையில் குடும்ப ஜெபமும் நடக்கிறது. அந்த ஜெபம் பொய் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்காக நான் அஞ்சுவது அதனாலேயே. பொய்யாயிருந்தால், பேதுருவைப் பவுல் எதிர்த்ததுபோல எதிர்க்க வேண்டிய அவசியமே எனக்கு இராது.

கடைசியாக ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறேன். பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ராஜநாயக்கன், 1700இல் பறையர் குலத்தில் பிறந்து, தஞ்சை அரசரின் படையில் இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகத்தை வாசித்து மனம் திரும்பி, தஞ்சை நாட்டில் உபதேசியாராகப் பெருஞ்சபைகளைக் கட்டினார். இந்தியப் புராட்டஸ்டண்ட் சபையில் முதன்முதலாக ஓர் இந்தியரைக் குருவாக அபிஷேகம் செய்ய மிஷனெரிகள் யோசித்தபோது, அவருடைய பெயரும் எடுக்கப்பட்டது. அவர் கையிலிருந்து இராப்போஜனம் வாங்க உயர்சாதிச் சபையார் சம்மதிக்க மாட்டார்கள் என்று தயங்கினார்கள். 1733 டிசம்பர் 28இல் ஆரோன் என்ற வேளாளர் அபிஷேகம் பெற்றார். அவரும் நல்ல ஊழியரே. சில ஆண்டுகளுக்குப் பின் தியோகு என்பவர் பெற்றார். ராஜநாயக்கன் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிராமம் கிராமமாக நடந்து, ஜனங்களை ஆயத்தப்படுத்தி, வேறொருவர் கையால் அவர்கள் அப்பமும் ரசமும் பெறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1771இல் உபதேசியாராகவே மரித்தார்.