தளைநார்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. ஏறுவதற்கு இருந்தது பனை. நன்கு வளர்ந்த பனை முப்பது மீற்றர் வரை உயரும். பிடித்தேறக் கிளை கிடையாது. அந்த உயரத்துக்குக் காலையும் மாலையும் ஏறி இறங்கிய சீவல் தொழிலாளர்கள் தங்கள் ஏறுகருவியைக் கடையில் வாங்கவில்லை. அந்த மரத்திலிருந்தே செய்துகொண்டார்கள்.

அதுதான் தளைநார். பனைமட்டையில் உரித்த நாரைப் பின்னி வளையமாக்குவார்கள். இரு பாதங்களையும் அதற்குள் நுழைத்து, கைகளால் மரத்தை அணைத்து, உள்ளங்கால்களைத் தண்டின் இரு பக்கமும் அழுத்துவார்கள். பாதங்கள் விலக முயலும்போது நார் இறுகும், பிடி உறுதியாகும். பிறகு கைகளை மேலே நகர்த்திக் கால்களை இழுத்துக்கொள்வார்கள். உச்சியில் பாளையைச் சீவி முட்டி கட்டுவார்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு. நாம் தேநீரோடு கடித்த பனங்கட்டி அந்தக் கருப்பநீரைக் காய்ச்சி எடுத்ததுதான்.

தவறினால் தாங்குவதற்கு வேறு கயிறு இல்லை. நார் தேய்ந்துவிட்டதா என்று ஏறுபவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பிய மலையேறிகளும் தொடக்கத்தில் நார்க்கயிற்றையே நம்பினார்கள். 1865 ஜூலை 14 அன்று மாற்றர்ஹோர்ன் சிகரத்திலிருந்து இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் இறந்தனர். அந்தக் கயிறு சுவிற்சர்லாந்தின் செர்மாற் அரும்பொருளகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1950களில் பிரித்தானியப் பாறையேறிகள் இரும்பு நட்டுகளின் மரையை நீக்கி, கயிற்றில் கோத்து, பாறைப் பிளவுகளில் செருகினார்கள். அந்தக் கைவேலையும் அவர்களின் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

தளைநாருக்கு அந்த மதிப்புக் கிடைக்கவில்லை. வில்லியம் பேர்குசன் 1850 இல் பனையைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். பனைக்கு 801 பயன்கள் என்ற கணக்கும் பேசப்பட்டது. மரம் புகழ்பெற்றது, ஏறியவர் பெறவில்லை. அத்தொழில் சாதியின் பெயரால் சுமத்தப்பட்டதே காரணம். பனையுச்சியை நாளும் தொட்டவர்கள் கோவில் வாசலைத் தாண்ட முடியாதிருந்தது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட மக்கள் 1968 இல் போராட வேண்டியிருந்தது.

1978 இல் பனை அபிவிருத்திச் சபை உருவாக்கப்பட்டது. ஆயினும் பிள்ளைகள் இந்தத் தொழிலை விட்டு விலகுவதை யாரும் குறைசொல்ல முடியாது. உயிராபத்தும் அவமதிப்பும் நிறைந்த தொழில் அது. ஆனால் தளைநார் பின்னத் தெரிந்த கைகள் இருக்கும்போதே அந்த முறையைப் பதிந்து வைக்க வேண்டும். பனையின் பயன்களை எண்ணிய நாம் பனையேறியவரின் அறிவையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.