பாய்மரப் படகின் டீசல் என்ஜின் மிகைச்சூடு

காற்று ஓய்ந்த வேளையிலும் துறைமுகத்துக்குள் நுழையும்போதும் பாய்மரப் படகைச் செலுத்தும் துணை டீசல் என்ஜினின் குளிர்நீர், தனக்கென வகுக்கப்பட்ட வெப்பநிலை வரம்பைக் கடந்து சூடேறும் நிலையே மிகைச்சூடு எனப்படுகிறது. டீசலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சுழல்தண்டைச் சென்றடைய, எஞ்சிய வெப்பம் புகையோடும் குளிர்நீரோடும் வெளியேற வேண்டியிருப்பதால், நீரோட்டம் தடைப்பட்டால் என்ஜின் சில நிமிடங்களிலேயே ஆபத்தான சூட்டை எட்டிவிடும். சாலை வண்டியின் ரேடியேட்டரை எதிர்க்காற்று குளிர்விக்கிறது. படகின் அடியில் மூடிய அறைக்குள் இருக்கும் என்ஜினுக்கு அந்த வாய்ப்பு இல்லாததால், கடல்நீரை உள்ளே இழுத்து வெப்பத்தை ஏற்றி வெளியே தள்ளுவதே வழக்கமான வழி. ஆகவே இக்கோளாற்றின் காரணத்தைத் தேடுவது, பெரும்பாலும், கடல்நீர் எந்த இடத்தில் நின்றுபோனது என்று தேடுவதேயாகும்.

குளிர்விப்பு முறை இருவகைப்படும். நேரடி முறையில் கடல்நீரே சிலிண்டரைச் சுற்றியுள்ள அறைகளில் ஓடுகிறது. மறைமுக முறையில் கூலண்ட் கலந்த நன்னீர் என்ஜினுக்குள் சுற்றிவர, அதன் வெப்பத்தை வெப்பப் பரிமாற்றி என்னும் குழாய்க்கற்றையின் வழியே கடல்நீர் வாங்கிச் செல்கிறது. ஜப்பானின் யான்மார் நிறுவனம் தயாரித்த 2ஜிஎம்20 என்னும் இரு சிலிண்டர் என்ஜின் முதல் வகையையும், அதே என்ஜினின் எஃப் என்ற எழுத்துச் சேர்ந்த வடிவம் இரண்டாம் வகையையும் சார்ந்தவை. கடல்நீர் சூடேற ஏற அதிலுள்ள கால்சியச் சேர்மங்கள் கட்டியாகப் படிவதால், நேரடி முறை என்ஜின்களை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசுக்கு மிகாமல் இயக்குவர். மறைமுக முறையிலோ 75 முதல் 85 டிகிரி வரை இயல்பானதே. என்ஜின் எவ்வகையைச் சேர்ந்தது என்று அறியாமல் வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்புவது பயனற்றது.

எச்சரிக்கை மணி ஒலித்தவுடன் பார்க்க வேண்டிய இடம் என்ஜின் அறையன்று, படகின் பின்புறம். குளிர்வித்து முடித்த கடல்நீர் புகையோடு கலந்து அங்குள்ள துளை வழியே விட்டு விட்டுத் தெறிப்பதே நலமான என்ஜினின் அடையாளம். நீர் குறைந்தால் வெளியேறும் ஒலி வறண்டு கரகரக்கும், வெண்மையான நீராவியும் எழும். நீர் அறவே வரவில்லையெனில் என்ஜினை உடனே நிறுத்த வேண்டும். நீர் வழக்கம்போல் வந்தும் சூடு ஏறினால், கியரை விடுவித்துச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவது நல்லது. ஏனெனில் சட்டென்று நிறுத்தினால் நீரோட்டம் நின்று, சிலிண்டர் ஹெட்டில் தேங்கிய வெப்பம் ஓரிடத்திலேயே தங்கிவிடும். அதற்கிடையே பாயை ஏற்றியோ நங்கூரமிட்டோ படகைப் பாதுகாப்பாக நிறுத்திக்கொள்ளலாம். நீர் வருகிறதா இல்லையா என்ற இந்த ஒரே கேள்வி, கோளாறு கடல்நீர்ப் பக்கமா உட்சுற்றா என்று பிரித்துக் காட்டிப் பல மணிநேர உழைப்பை மிச்சப்படுத்துகிறது.

நீர் வராதபோது அது வரும் வழியை ஒட்டியே தேட வேண்டும். படகின் அடியில் உள்ள கடல்வால்வைப் பிளாஸ்டிக் பையோ பாசியோ சொறிமுட்டையோ அடைத்திருக்கலாம். என்ஜின் நின்று உறிஞ்சல் ஓய்ந்ததும் பை தானே விலகிவிடுவதால், கோளாறு வந்தும் மறைந்தும் குழப்பும். அடுத்துள்ள வடிகட்டியின் மூடியில் ரப்பர் வளையம் காய்ந்திருந்தால், அங்கே நீர் கசியாமலே காற்று மட்டும் உள்ளிழுக்கப்பட்டுப் பம்பு வெறுமையாகச் சுழலும். படகு காற்றில் பெரிதும் சாய்ந்து ஓடும்போது நீர் புகும் துளை கடல்மட்டத்துக்கு மேல் வந்துவிடுவதாலும் இதே விளைவு உண்டாகலாம்.

மிகுதியாகப் பழுதாவது பம்பினுள் சுழலும் இம்பெல்லர் என்னும் ரப்பர் சக்கரமே. அதன் வளைந்த இதழ்களுக்குச் செல்லும் நீரே மசகு எண்ணெய்போல் பயன்படுவதால், நீரின்றிச் சிறிது நேரம் சுழன்றாலே அவை உராய்ந்து சூடேறிப் பிய்ந்துவிடும். உடைந்த சக்கரத்தை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று கருதுவது பெரும் பிழை. பிய்ந்த இதழ்கள் நீரோடு சென்று வெப்பப் பரிமாற்றியின் நுழைவாயிலில் அடைத்துக்கொள்வதால், அவற்றை எண்ணிப் பார்த்து ஒன்று குறைந்தாலும் தேடி எடுக்க வேண்டும். மாற்றுச் சக்கரமும் பம்பு மூடிக்கான கேஸ்கெட்டும் இல்லாமல் நெடும்பயணம் புறப்படலாகாது.

புகையும் நீரும் கலக்கும் முழங்கை வடிவக் குழாயில் கரியும் உப்பும் சேர்ந்து துவாரம் சுருங்குவது மெல்ல மெல்ல நிகழ்கிறது. மெதுவாக ஓடும்போது சூடு ஏறாமல், வேகம் கூட்டினால் மட்டும் ஏறுவது இதன் இயல்பு. குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பதே உறுதியான சோதனை. வெப்பப் பரிமாற்றியின் குழாய்களில் படியும் சுண்ணப் படிவமும், அரிப்பைத் தான் ஏற்று மற்ற உலோகத்தைக் காக்கும் துத்தநாகத் துண்டு உடைந்து உள்ளே விழுவதும் இதே அறிகுறியைத் தரும். அடிப்பகுதியிலும் சுழலியிலும் கொட்டலசு படர்ந்த படகில் நீரோட்டம் சீராக இருந்தும் சூடு ஏறலாம். என்ஜின் தன் திறனுக்கு மேற்பட்ட சுமையை இழுப்பதே காரணம், கரும்புகை அதன் துணை அறிகுறி.

உட்சுற்றில் கூலண்ட் குறைவு, தளர்ந்த பெல்ட், திறக்காத தெர்மோஸ்டாட், கூலண்ட் மாற்றிய பின் தேங்கிய காற்று ஆகியவை முதன்மையானவை. தெர்மோஸ்டாட் என்பது சூடேறியதும் திறந்து நீரோட்டத்தைப் பெருக்கும் தடுக்கிதழ். பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து அதனுள் இட்டால் திறக்கிறதா என்பது தெரிந்துவிடும். அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 டிகிரியைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கக்கூடும் என்பதாலும், மூடியைத் திறந்த கணமே அது பொங்கி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும் என்பதாலும், என்ஜின் ஆறும்வரை மூடியைத் தொடக் கூடாது. ஆறியபின் ஓடவிட்டுப் பார்க்கையில் தொட்டியில் ஓயாமல் குமிழி எழுந்தால், சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் பழுதாகி எரிந்த வாயு நீருக்குள் கசிகிறது என்று பொருள்.

பழுது பார்த்தபின் உடனே கிளம்பாத என்ஜினைத் திரும்பத் திரும்பச் சுழற்றும்போது கடல்வால்வை மூடிவைக்க வேண்டும். இல்லையேல் பம்பு தள்ளும் நீரை வெளியேற்றப் புகையின் விசை இன்றி, புகைவழியிலுள்ள மஃப்ளர் நிரம்பி நீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். என்ஜின் கிளம்பியதும் அந்த வால்வைத் திறக்க மறப்பதும் மிகைச்சூட்டின் காரணங்களுள் ஒன்று.