வெயிலில் உருகாத சொக்லேட் ஐசிங்: வீட்டிலேயே செய்யும் முறை

வடக்கு, கிழக்கில் பல வீடுகளில் கேக் இப்போது கொண்டாட்டப் பண்டம் மட்டுமல்ல. போரில் கணவரை இழந்து, குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலருக்கு அது வருமானமும்கூட. பிறந்தநாளுக்கு ஓடர் எடுத்த ஒரு கேக்கின் ஐசிங் வழியில் உருகிவிட்டால், பொருட்செலவோடு அடுத்த ஓடரும் போய்விடும்.

காரணம் எளிது. பட்டரின் கொழுப்பு 32 முதல் 35 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். நம் பகுதியில் கோடையில் நண்பகல் வெப்பம் இந்த அளவைத் தொடும். ஆகவே குளிர்நாட்டுச் செய்முறையை அப்படியே பின்பற்றினால் சரிவராது.

தேவையான பொருட்கள்

- உப்பில்லாத பட்டர் 125 கிராம்
- கேக் மாஜரின் 125 கிராம்
- ஐசிங் சீனி 400 கிராம்
- இனிப்பில்லாத கொக்கோ தூள் 50 கிராம்
- காய்ச்சி ஆறவைத்த பால் 1 முதல் 2 மேசைக்கரண்டி
- வனிலா 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை

இந்த அளவு 8 அங்குல கேக் ஒன்றுக்கு அல்லது மெல்லிதாகப் பூசினால் 24 கப் கேக்குகளுக்குப் போதும். தனிப் பட்டரின் சுவை கூடுதல்தான். ஆனால் பாதி மாஜரின் சேர்த்தால் ஐசிங் வெப்பத்தை ஓரளவு தாங்கும், செலவும் குறையும். சீனி கலந்த சொக்லேட் பானத் தூளைக் கொக்கோவுக்குப் பதிலாகப் போட வேண்டாம். இனிப்பு கூடும், நிறமும் சுவையும் வராது.

செய்முறை

1. ஐசிங் சீனியையும் கொக்கோவையும் ஒன்றாக இரண்டு முறை அரிக்கவும். அரிக்காவிட்டால் கட்டி தட்டும்.
2. விரலால் அழுத்தினால் பதியும், ஆனால் பளபளக்காத பதத்தில் பட்டர் இருக்க வேண்டும். அதனுடன் மாஜரினைச் சேர்த்து, நிறம் வெளுக்கும்வரை 5 நிமிடம் அடிக்கவும்.
3. சீனிக் கலவையை மூன்று தடவையாகச் சேர்த்து அடிக்கவும்.
4. வனிலா, உப்பு சேர்க்கவும். பாலைக் கடைசியில், ஒவ்வொரு தேக்கரண்டியாக, தேவைக்கு மட்டும் விடவும்.

பதம் தவறினால்

இளகிவிட்டால் மேலும் சீனி கொட்ட வேண்டாம், திகட்டும். பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் மேல் 10 நிமிடம் வைத்து மீண்டும் அடிக்கவும். இறுகினால் ஒரு தேக்கரண்டி பால் போதும். திரிந்ததுபோல் தெரிந்தால் பட்டர் அதிகம் குளிர்ந்திருக்கிறது. சற்று நேரம் வெளியே வைத்து அடிக்கவும்.

பிரிட்ஜும் பீட்டரும் இல்லாதபோது

2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு இருந்தது. அத்தகைய வேளையில் அடுப்பில் செய்யும் ஐசிங் கைகொடுக்கும். சுமார் 400 கிராம் ரின்பாலில் 3 மேசைக்கரண்டி அரித்த கொக்கோவைக் கட்டியில்லாமல் கரைத்து, 1 மேசைக்கரண்டி பட்டர் சேர்க்கவும். அடிகனமான பாத்திரத்தில், மெல்லிய தீயில், கைவிடாமல் கிளறவும். கரண்டியிலிருந்து தடித்த நாடாபோல் விழும்போது இறக்கவும். 8 நிமிடமளவில் இப்பதம் வரும். இளஞ்சூட்டிலேயே கேக்கின் மேல் பூசவும், ஆறினால் இறுகும். இது பட்டர் ஐசிங்போல் உருகி வழியாது. பூ வடிவம் போட மட்டும் உதவாது.

விற்பனைக்குச் செய்பவர்களுக்கு

கேக் நன்றாக ஆறிய பின்பே ஐசிங் பூசவும். காலையிலோ மாலையிலோ ஒப்படைக்கும் நேரத்தைப் பேசிக்கொள்ளவும். முச்சக்கரவண்டியில் கொண்டுபோனால் பெட்டியை வெயில் படாமல் தட்டையாக வைக்கவும். மீந்த பட்டர் ஐசிங்கை மூடிய பாத்திரத்தில் பிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். பாவிக்கும் முன் மறுபடி அடிக்கவும்.

விலை சொல்லும்போது பட்டர், சீனியோடு எரிவாயு, பெட்டி, போக்குவரத்து, உங்கள் உழைப்பு நேரம் அனைத்தையும் கொப்பியில் எழுதிக் கூட்டுங்கள். கைவேலைக்கும் கூலி உண்டு.