மண்மேடு காத்த மனை

அரசர்களின் போர்களை ஏடுகள் எழுதி வைத்தன. உழவர்களின் வீடுகளை மண்ணே காத்து வைத்தது. அயர்லாந்துத் தீவில், வட்டமான மண்கரையும் அகழியும் சூழ்ந்த இடைக்காலப் பண்ணை மனைகளின் சுவடுகள் 40,000-க்கும் மேல் உண்டு. அவற்றைத் தேவதைகள் உறையும் இடங்கள் என்றஞ்சி, உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கலப்பையை விலக்கியே ஓட்டினர்.

வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில், டீர் பார்க் பார்ம்ஸ் என்னுமிடத்தில் அத்தகைய மேடொன்று இருந்தது. நிலச் சீரமைப்புக்காக அது அகற்றப்படவிருந்த வேளையில், 1984 முதல் 1987 வரை கிறிஸ் லின் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது. மேட்டின் அடியில் ஈரம் தேங்கிக் காற்றுப் புகாதிருந்தமையால் மரம் மட்கவில்லை. கோல்களால் பின்னிய வட்ட வீடுகளும், அவற்றின் இரட்டைச் சுவர்களுக்கிடையே குளிரைத் தடுக்கத் திணித்த தழைகளும் வெளிப்பட்டன. கதவு நிலையின் ஓக் மரம் கி.பி. 648-இல் வெட்டப்பட்டது என்பதை அதன் ஆண்டு வளையங்களே அறிவித்தன. அங்கு வாழ்ந்தோரின் உடலில் ஒட்டியிருந்த பேன்கள் கூடக் கிடைத்தன. எந்த வரலாற்றேடும் எழுதாத எளிய வாழ்க்கை இது.

ஆயினும் அகழாய்வு, ஒருமுறை மட்டுமே படிக்கத்தக்க ஏடு. படிக்கப் படிக்கவே அதன் பக்கங்கள் அழிகின்றன. அன்று அச்சம் காத்த மேடுகளை இனி அறிவுதான் காக்க வேண்டும்.