துருவைத் துருவால் தடுத்த கதை

பல்சக்கரம், போல்ட் போன்ற எஃகுப் பொருட்களை 800 டிகிரிக்கு மேல் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவது ஹீட் ட்ரீட்மெண்டின் ஒரு முறை. இந்தப் பொருட்கள் உலைக்குள் ஒன்றிரண்டு முறைதான் போகும். ஆனால் அவற்றைச் சுமந்து செல்லும் தட்டு, கூடை, கொக்கி ஆகியவற்றுக்கு விடுதலையே இல்லை. தினமும் தீக்குளிக்க வேண்டும்! இவற்றைக் காப்பாற்ற மனிதன் பட்ட பாடு ஒரு தனி வரலாறு.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்வோம். காய்ந்த இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கறுப்புச் செதிலாக மாறும். பட்டறைகளில் இதை ஸ்கேல் என்பார்கள். சுமார் 570 டிகிரிக்கு மேல் இந்தச் செதிலின் பெரும்பகுதி வுஸ்டைட் என்ற ஆக்சைடு. அதில் இரும்பு அணுக்கள் இருக்க வேண்டிய இடங்கள் பல காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடங்கள் வழியாக உள்ளிருக்கும் இரும்பு வெளியே வந்துகொண்டே இருக்கும். ஆறும்போது செதில் உதிரும். அடுத்த முறை புது இரும்பு எரியும். கம்பி இப்படியே மெலிந்து, ஒருநாள் சூடான சுமையோடு அறுந்து விழும். அருகில் நிற்பவரின் கதி?

19ஆம் நூற்றாண்டில் தெரிந்த வழி, காற்றை அடைப்பது. பொருளை இரும்புப் பெட்டியில் கரித்தூளோடு வைத்து, மூடியின் இடுக்கைக் களிமண்ணால் பூசினார்கள். உள்ளே இருந்த பொருள் தப்பியது. பெட்டியின் வெளிப்புறமோ எரிந்துகொண்டேதான் இருந்தது.

திருப்பம் வேறு திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ், நிக்கலையும் குரோமியத்தையும் கலந்த உலோகத்துக்கு 1906ல் காப்புரிமை பெற்றார். அவருக்கு வேண்டியிருந்தது மின்சாரத்தால் சூடாகும் கம்பி, உலைக்கூடை அல்ல. ஆனால் செந்தணலாகக் காய்ந்தும் அது எளிதில் எரிந்து போகவில்லை. நைக்ரோம் பிறந்தது இப்படித்தான்.

1910களில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் 'கேலரைசிங்' முறை உருவானது. அலுமினியத் தூள், அலுமினா, சிறிது நவச்சாரம் கலந்த கலவையில் இரும்பைப் புதைத்துக் காய்ச்சினால், அலுமினியம் அதன் மேற்பரப்பில் ஊறிவிடும். விலை குறைந்த இரும்புக்கே கவசம் கிடைத்தது.

இரண்டிலும் ரகசியம் ஒன்றுதான். குரோமியமும் அலுமினியமும் இரும்பை முந்திக்கொண்டு ஆக்சிஜனோடு சேர்கின்றன. உருவாகும் ஆக்சைடு படலம் மெல்லியது, நெருக்கமானது. அதைத் தாண்டி அணுக்கள் நகர்வது மிகக் கடினம். அதாவது, காவல் நிற்பதும் ஒருவகைத் துருதான்! இதற்கு முழுமையான விளக்கம் பிறகுதான் வந்தது. 1923ல் பில்லிங், பெட்வொர்த் இருவரும் ஆக்சைடின் கன அளவை உலோகத்தின் கன அளவோடு ஒப்பிட்டார்கள். 1933ல் ஜெர்மனியின் கார்ல் வாக்னர், அயனிகள் நகரும் வேகத்தைக் கொண்டு செதில் வளர்ச்சியை விளக்கினார்.

இன்றைய உலைக்கூடைகள் பலவற்றில் சுமார் 25 சதவீதம் குரோமியமும் 20 சதவீதம் நிக்கலும் உண்டு. அவையும் சாகாவரம் பெற்றவை அல்ல. காய்ச்சி ஆற்றும் ஒவ்வொரு முறையும் படலம் விரிசல் விடலாம். அதை அடைக்க உள்ளிருக்கும் குரோமியம் செலவாகும். அந்தச் சேமிப்பு தீர்ந்த பிறகு மறுபடியும் இரும்பு எரியத் தொடங்கும். மனிதன் செதிலை ஒழிக்கவில்லை. நல்ல செதிலைக் காவலுக்கு வைத்து, கெட்ட செதிலைத் தள்ளிப்போட்டிருக்கிறான்.