நம்ம ஊர் உச்சிப்பொழுதும் 17 நிமிடமும்



நேற்று தம்பி மகள் ஒரு பழைய ஜாதக நோட்டோடு வந்தாள். "பெரியப்பா, உதயாதி நாழிகை 12, விநாடி 30னு போட்டிருக்கே, மணிக் கணக்குல எவ்வளவு?" என்றாள். ஒரு நாளைக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம், அதில் 60 விநாடி. அந்தக்கால விநாடி நமக்கு 24 நொடி. ஆக, சூரியன் உதித்து 5 மணி நேரம் கழித்துப் பிறந்த பிள்ளை என்று சொன்னேன். சொல்லும்போதே ஒரு பழைய கடன் நினைவுக்கு வந்தது.

அவனியாபுரத்தில் ஆறாம் வகுப்பு எடுத்தபோது, ஒரு ஜூன் மாத நடுவில் மைதானத்தில் குச்சி நட்டு நிழல் அளந்தோம். நிழல் மிகவும் குறுகும் நேரமே உச்சிப்பொழுது. மணி 12 அடித்தும் நிழல் குறுகிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் கழித்துத்தான் நின்றது. ஒரு மாணவன் கேட்டான்: "சார், கடிகாரம் தப்பா, சூரியன் தப்பா?" எனக்கு விடை தெரியவில்லை. "அதிகப்பிரசங்கி, உட்காரு" என்று அதட்டிவிட்டேன்.

விடை பூமியின் சுழற்சி வேகத்தில் இருக்கிறது. சூரியனை வைத்துப் பார்த்தால் நாளுக்கு ஒரு சுற்று, அதாவது 360 பாகை. 24-ஆல் வகுத்தால் மணிக்கு 15 பாகை. 60-ஆல் வகுத்தால் நாழிகைக்கு 6 பாகை. ஒரு பாகை திரும்ப 4 நிமிடம், அல்லது 10 விநாடி. வேகம் ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு.

முன்பு ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் உச்சிப்பொழுதே 12 மணி. ரயில் வந்ததும் அது சரிப்படவில்லை. ஊருக்கு ஒரு நேரம் இருந்தால் கால அட்டவணை எப்படிப் போடுவது? 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானியல் ஆய்வுக்கூடத்தின் நேரத்தை ரயில்வேக்கள் பின்பற்றின. மதராஸ் 80¼ பாகையில், மதுரை 78.1 பாகையில். வித்தியாசம் 2.15 பாகை. நான்கால் பெருக்கினால் எட்டரை நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

1906 ஜனவரி 1 முதல், மிர்சாபூர் அருகே செல்லும் 82½ பாகைக் கோட்டை வைத்து இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வந்தது. மதராஸ் கடிகாரத்தை 9 நிமிடம் முன்னே தள்ளவேண்டியிருந்தது. கல்கத்தா 1948 வரையும், பம்பாய் 1955 வரையும் தங்கள் நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது நம்ம ஊர்க் கணக்கு: 82.5-இல் 78.1 போக 4.4 பாகை. நான்கால் பெருக்கினால் 17.6 நிமிடம். நாழிகைக் கணக்கில் 44 விநாடி. இரண்டும் ஒன்றே! சூரியனின் ஓட்டம் ஆண்டு முழுவதும் ஒரே சீராகத் தெரியாததால், பிப்ரவரியில் இது அரை மணி வரை கூடும். நவம்பர் தொடக்கத்தில் ஏறக்குறைய மறைந்துவிடும். ஜூன் நடுவில் 17.6-ஐ ஒட்டியே வரும். அன்று நாங்கள் கண்டதும் அதுதான்.

தம்பி, நீ எங்கிருந்து இதைப் படிக்கிறாயோ தெரியாது. கடிகாரமும் தப்பில்லை, சூரியனும் தப்பில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் உன்னை உட்காரவைத்த நான்தான் தப்பு. மன்னித்துவிடு.

மற்றவர்கள் அவரவர் ஊருக்குக் கணக்குப் போட்டு, விடையைக் கீழே எழுதுங்கள். திருத்தித் தருகிறேன்.