டிஎல்எல் நரகம்: விண்டோஸ் இயக்குதளக் கோப்புகளைப் பாதுகாத்த வரலாறு

டிஎல்எல் நரகம் என்பது, விண்டோஸ் இயக்குதளத்தில் ஒரு மென்பொருளை நிறுவும்போது பொதுக் கோப்புகள் மாற்றப்பட்டு, பிற மென்பொருள்களோ இயக்குதளமோ பழுதடையும் நிலையைக் குறிக்கும் பெயராகும். 1990களில் பரவலாக இருந்த இச்சிக்கலை மைக்ரோசாப்ட் நிறுவனம் படிப்படியாகவே கட்டுப்படுத்தியது. இன்று பழுதுபார்க்கப் பயன்படும் கட்டளைகள் அம்முயற்சிகளில் உருவானவை.

தோற்றம்

1985 நவம்பரில் வெளியான விண்டோஸ் 1.0, வெறும் 256 கேபி நினைவகம் கொண்ட கணினியிலும் இயங்க வேண்டியிருந்தது. எல்லா மென்பொருள்களும் ஒரே வேலைக்கான நிரலைத் தனித்தனியே வைத்துக்கொண்டால் இடம் போதாது. எனவே பொதுவான நிரல்கள் டிஎல்எல் எனப்படும் கோப்புகளில் வைக்கப்பட்டன. பல மென்பொருள்கள் ஒரே பிரதியைப் பகிர்ந்துகொண்டன.

சிக்கல்

மென்பொருள்கள் தமக்குத் தேவையான டிஎல்எல் கோப்புகளையும் உடன் கொண்டுவந்து, விண்டோசின் 'சிஸ்டம்' கோப்புறையில் படியெடுத்தன. தம்மிடம் உள்ள கோப்பு புதியதாக இருந்தால் மட்டுமே பழையதை மாற்ற வேண்டும் என்பது விதி. பல நிறுவல் நிரல்கள் இதைப் பின்பற்றாததால், புதிய பதிப்பின் மேல் பழைய பதிப்பு எழுதப்பட்டது. எடுத்துக்காட்டாக, ஒரு விளையாட்டை நிறுவியபின், முந்தைய நாள் வரை இயங்கிய கணக்கு மென்பொருள் திறக்காமல் போகலாம். பயனர் கணக்கு மென்பொருளைக் குறை கூறுவார். உண்மைக் காரணம் விளையாட்டாக இருக்கும். ஒரு மென்பொருளை நீக்கும்போது அதனுடன் பொதுக் கோப்பும் நீக்கப்பட்டால் இதே விளைவு ஏற்படும்.

தீர்வுகள்

விண்டோஸ் 95 (1995), அடிக்கடி மேலெழுதப்படும் கோப்புகளின் நல்ல பிரதிகளை ஒரு மறைவான கோப்புறையில் வைத்திருந்தது. மேலெழுதுவதைத் தடுத்தால் சில நிறுவல்கள் தோல்வியடைந்தன. ஆகவே எழுத அனுமதித்துவிட்டு, நிறுவல் முடிந்தபின் சரியான பதிப்பை மீண்டும் வைத்தது. விண்டோஸ் 98 (1998), கோப்புகளைச் சோதிக்கும் எஸ்எஃப்சி கருவியை வழங்கியது.

விண்டோஸ் 2000 (2000), முக்கியக் கோப்புகளைத் தொடர்ந்து கண்காணித்தது. அவை மாறினால் சேமித்து வைத்த பிரதியைக் கொண்டு மீட்டது. பிரதி இல்லையெனில் விண்டோஸ் குறுந்தகட்டைக் கேட்டது. விண்டோஸ் எக்ஸ்பி (2001), ஒரே டிஎல்எல் கோப்பின் பல பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்ள வழி செய்தது. அதற்கான கோப்புறை வின்எஸ்எக்ஸ்எஸ் எனப்பட்டது.

2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டா, எழுதும் உரிமையையே மாற்றியது. முக்கியக் கோப்புகளின் உரிமை 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' என்னும் சேவைக்கு வழங்கப்பட்டது. கணினியின் நிர்வாகியால்கூட அவற்றை நேரடியாக மாற்ற இயலாது. எஸ்எஃப்சி கருவிக்குத் தேவையான நல்ல பிரதிகளும் வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையிலேயே வைக்கப்பட்டன. அங்குள்ள பிரதியே பழுதானால் எஸ்எஃப்சி பயனற்றுப்போகும். விண்டோஸ் 8 (2012) இயக்குதளத்தில், டிஐஎஸ்எம் கருவிக்கு அந்தச் சேமிப்பைச் சீர்செய்யும் திறன் சேர்க்கப்பட்டது. அதற்கான நல்ல கோப்புகளை அது வழக்கமாக 'விண்டோஸ் அப்டேட்' வழியாகப் பெறுகிறது.

இன்றைய பயன்பாடு

இவ்வரலாறு பழுதுபார்க்கும் வரிசையையும் விளக்குகிறது. எஸ்எஃப்சி சில கோப்புகளைச் சரிசெய்ய முடியவில்லை என்று அறிவித்தால், முதலில் டிஐஎஸ்எம் மூலம் சேமிப்பைச் சீராக்கி, பின்னர் எஸ்எஃப்சியை மீண்டும் இயக்க வேண்டும். மாற்றிச் செய்தால், பழுதான பிரதியிலிருந்தே மீட்க முயல்வதாகும்.

இக்கருவிகள் காப்பது விண்டோசின் கோப்புகளை மட்டுமே. பயனரின் ஆவணங்களையும் படங்களையும் அவை மீட்பதில்லை. வன்தட்டு பழுதடைந்து வந்தால், சீர்செய்த கோப்புகள் மீண்டும் சிதையும். எனவே அத்தகைய ஐயம் எழுந்தால், எந்தக் கட்டளையையும் இயக்குமுன் சொந்தக் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து வைப்பது அவசியமாகும்.